ரெண்டு குடம் தண்ணீர்

பாம்பன்
16.12.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு என்னால் ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்ல முடியவில்லை. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் அம்மாவைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுகிறார். திரும்பி வருவதற்குள் இருட்டிவிடுகிறது. அதனால்தான் "சரிம்மா, சாப்பிட்டியா" என்று பேச்சை மாற்றினேன். உனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

உன் வார்டில் ஒரு கிழவி விடியற்காலையில் இறந்துபோனாள், சொந்தம் என்று யாரும் வரவில்லை, எடுத்துப்போக ஆட்கள் வருவதற்குள் நீ அவள் முகத்தைத் துடைத்துத் தலையை வாரிவிட்டாய் என்று சொன்னாய். கூட வேலை பார்க்கிற பெண், இதை உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாளாம். எங்க அப்பத்தா என்று சொன்னாயாம். அதற்கப்புறம்தான் உனக்கு அழுகை வந்தது. அப்பத்தா அடக்கத்துக்கு வராத நான் யாரோ ஒரு கிழவிக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறேனே அம்மா என்று கேட்டாய்.

அந்தக் கேள்வி அன்றிலிருந்து எனக்குள்ளேயே கிடக்கிறது. அடுத்த மாதம் அப்பத்தாவுக்கு ஆண்டுப் பூசை வருகிறது. அதற்கு முன்னால் உனக்குத் தெரியாத சில விஷயங்களை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அப்பத்தா முந்தானையைப் பிடித்துக்கொண்டு துக்க வீட்டு வாசல்வரை போவாய். உள்ளே விட மாட்டார்கள். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறிப் பார்த்திருக்கிறாய் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது. கோயிலில் துக்கமணி அடித்தால் அப்பத்தா கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு, "ஆம்பளையா பொம்பளையா?" என்று தெருவில் கேட்பார்கள். பொம்பளை என்றால் ரெண்டு குடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒன்று தலையில், ஒன்று இடுப்பில். மடியில் ஒரு மரச்சீப்பு, ஒரு பழைய வேட்டித் துண்டு. யாரும் வந்து கூப்பிட வேண்டியதில்லை. நல்லதுக்கு அழைத்துப் போகணும், கெட்டதுக்கு அழைக்காமல் போகணும் என்பார்கள்.

ரெண்டு குடம் தண்ணீர் என்று நான் எழுதுவது உன் வயதுக்காரர்களுக்குச் சாதாரணமாகத் தெரியலாம். இப்போது குழாயில் காவிரித் தண்ணீர் வருகிறது. அன்றைக்கு அப்படியில்லை. இந்தத் தீவில் சுற்றிலும் கடல், குடிக்க மட்டும் ஊற்று. மணலை ஆள் உயரத்துக்குத் தோண்டி, அடியில் கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் கோரிக் கோரிக் குடத்தில் ஊற்ற வேண்டும். கோடையில் ஒரு குடம் நிறைவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அவசரப்பட்டு ஆழமாகக் கோரினால் உப்பு ஏறிவிடும். ராமநாதபுரத்துக்கு மாற்றல் என்றாலே தண்டனை என்று உத்தியோகக்காரர்கள் பேசிக்கொண்ட காலம் அது. துக்க வீட்டில் நாற்பது பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்குக் குடிக்கவே தண்ணீர் இருக்காது. அப்புறம் செத்தவளைக் குளிப்பாட்ட எங்கே போவார்கள்? உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி அனுப்பக் கூடாது என்பதில் அப்பத்தா பிடிவாதமாக இருந்தார்கள். "வாழ்நாளெல்லாம் உப்புத் தண்ணியில கெடந்தவ, போறப்பவாவது நல்ல தண்ணியில போகட்டும்."

கிறிஸ்தவ வீடு என்று மட்டும் பார்த்ததில்லை. இந்துக்கள் இருக்கிற கோயில் தெருவில் யாராவது இறந்தால் அங்கேயும் குடத்தோடு போய், அந்த வீட்டுப் பெண்கள் என்ன முறை சொல்கிறார்களோ அதைச் செய்வார்கள். முஸ்லிம் வீடுகளில் குளிப்பாட்டுவதற்கு அவர்களுக்கென்று ஆட்கள் உண்டு. அங்கே குடத்தை வாசலில் வைத்துவிட்டு, முற்றத்தில் ஓரமாக உட்கார்ந்து, ஜெபமாலையை முந்தானைக்குள் வைத்து உருட்டிக்கொண்டிருப்பார்கள். மையத்து, அதாவது உடலை, எடுத்த பிறகுதான் எழுந்து வருவார்கள்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். 1964 புயல் கதை உனக்குத் தெரியும், ஆனால் அப்பத்தா அதை முழுசாகச் சொன்னதில்லை. அவர்கள் பிறந்து வளர்ந்தது தனுஷ்கோடியில். அந்தோணியார் கோயிலுக்குப் பின்னால் வீடு. இப்போது டூரிஸ்ட் சனம் நின்று போட்டோ எடுக்கிறதே, அந்த இடிந்த கோயிலில்தான் அப்பத்தா புதுநன்மை வாங்கினார்கள். டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தபோது அவர்களுக்குப் பதினெட்டு வயது. அக்காள் பிரசவத்துக்குத் துணையாகப் பாம்பன் வந்திருந்தார்கள். அவர்கள் அம்மாவும் தம்பியும் தனுஷ்கோடியில். ராத்திரி கிளம்பிய பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி போய்ச் சேரவே இல்லை, அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அப்படியே போனார்கள். இங்கே பாம்பனிலும் வீடுகள் விழுந்து, பாலம் உடைந்து, எந்தப் பக்கமும் போக வழியில்லை. கிறிஸ்துமஸ் அன்றைக்கு இந்தத் தெருவில் ஒரு அடுப்பும் எரியவில்லையாம். நாலைந்து நாள் கழித்து அவர்கள் அப்பா ஒரு வள்ளத்தில் கூட்டிப்போயிருக்கிறார். வீடு இருந்த இடம் கடலாக இருந்தது. அம்மாவும் கிடைக்கவில்லை, தம்பியும் கிடைக்கவில்லை.

"பாலத்தை 46 நாள்ல சரி பண்ணிட்டாங்க" என்று ஒருதரம் சொன்னார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு என்ன தோன்றியது என்றால், தன் அம்மாவுக்கு யாரும் முகம் துடைத்து அனுப்பவில்லையே என்றுதான் ஊரில் உள்ள எல்லாருக்கும் இவர்கள் செய்கிறார்கள் என்று. ஒருநாள் துணிந்து கேட்டும் விட்டேன். அப்பத்தா கருவாட்டுக்கு உப்புத் தடவிக்கொண்டே, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லடி. கை நடுங்காம செய்ய ஆள் இல்ல, நான் போறேன்" என்றார்கள். அதை நான் அப்படியே ஏற்றுக்கொண்டேன். நாம்தான் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டும் என்று நினைக்கிறோம். அவர்களுக்கு அது அடுப்பு மூட்டுவது மாதிரி ஒரு வேலை.

ஏற்றுக்கொண்டேன் என்று எழுதிவிட்டேன், ஆனால் அந்த நிலைக்கு வர எனக்கு எத்தனை வருஷம் ஆனது என்பதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நான் இந்த வீட்டுக்கு வந்தது 1988இல், பாம்பன் ரோட்டுப் பாலம் திறந்த வருஷம். ஓரியூர்ப் பக்கத்துப் பெண். அருளானந்தர் வெட்டுப்பட்ட இடத்துச் செம்மண்ணை ஒரு டப்பாவில் போட்டு என் அம்மா கொடுத்தனுப்பினார்கள். அதைத் தவிரக் கடலையும் தெரியாது, இந்த வீட்டையும் தெரியாது. வந்த முதல் மாதத்தில் என்னை மலைக்க வைத்தது, இந்த வீட்டில் எந்தப் பொருளும் நிலையாக இருக்காது என்பதுதான். காலையில் இருந்த போர்வை சாயந்தரம் இருக்காது. உலை வைக்க அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள், அந்தப் பானை நிறைந்த நாளில் அதுவும் யார் வீட்டுக்கோ போகும். பிற்பாடு மீன்பிடித் தடைக்காலம் வந்த வருஷங்களில், விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் அடுப்பு அணைந்திருக்கும்போது, அந்தப் பானைதான் மூன்று நாலு வீட்டுக்குக் கஞ்சி ஆனது. ஆனால் புது மருமகளுக்கு அது புரியவில்லை. நமக்கே போதாமல் இருக்கும்போது என்ன தர்மம் என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே இருப்பேன்.

1990இல் நீ வயிற்றில் இருந்தாய், ஏழாம் மாசம். உனக்கென்று ராமநாதபுரத்தில் நல்ல பிளானல் துணி வாங்கி, கையாலேயே ஆறு சட்டை தைத்து, ஓரத்தில் சின்னச் சின்னப் பூ போட்டு, டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். அந்தச் சமயம் இலங்கையில் மறுபடி சண்டை மூண்டு, சனங்கள் ராத்திரியோடு ராத்திரியாக வள்ளத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். சிலரைப் படகுக்காரர்கள் மணல்திட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அங்கிருந்து மீட்டு மண்டபம் முகாமுக்குக் கொண்டுபோவார்கள். அப்பத்தாவும் கோயில் அன்பியக் குழுப் பெண்களும் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள். ஒருநாள் விடிகிற நேரத்தில் அப்பத்தா ஓடிவந்து, என்னைக் கேட்காமலே பெட்டியைத் திறந்து, ஆறு சட்டையையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

நான் அன்றைக்கு அழுத அழுகை கொஞ்சமில்லை. அப்பத்தா திரும்பி வந்ததும் கேட்டுவிட்டேன். ஒரு சட்டையாவது வைத்திருக்கக் கூடாதா, என் பிள்ளைக்கு என்று தைத்ததல்லவா என்று. அவர்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் பிள்ளைக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்குடி. அந்தப் பிள்ளை வந்துருச்சு. நனைஞ்சு போயி வந்திருக்கு" என்றார்கள்.

நான் மூன்று நாள் அவர்களோடு பேசவில்லை. நீ பிறந்தபோது உனக்கு முதலில் போட்டது பக்கத்து வீட்டுப் பெரியம்மா பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த பழைய மல் துணி. துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகியிருந்தது. பிறந்த பிள்ளைக்குப் பழைய துணிதான் நல்லது என்று அந்தப் பெரியம்மா சொன்னார்கள். அவர்கள் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று உன்னை என் மடியில் வைத்துவிட்டு ஓடியது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அப்பத்தா விரல்களைப் பற்றி நீ ஒருதரம் கேட்டிருக்கிறாய், ஏன் இப்படி வெட்டு வெட்டாக இருக்கிறது என்று. கடல்பாசி எடுக்கப் போன விரல். தாத்தா தொழிலில் வருகிற பங்கு போதாமல், இருபது வருஷத்துக்கு மேல் பாசி எடுத்தார்கள். விடியுமுன் வள்ளத்தில் குருசடைத் தீவுப் பக்கம் போவார்கள். விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, கடலடிப் பாறையான பாரில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து இடுப்புப் பையில் போட வேண்டும். துணி நைந்துவிட்டால் பார் விரலைக் கிழித்துவிடும். மேலே வந்து ரத்தத்தைப் பார்த்துவிட்டு மறுபடி முங்குவார்கள். 1986இல் அந்த 21 தீவுகளையும் தேசியப் பூங்கா என்று அறிவித்த பிறகு பயந்து பயந்துதான் போக வேண்டியிருந்தது. அந்தப் பாசியைக் காயவைத்து விற்ற காசில்தான் உன் அப்பா பத்தாவது வரை படித்தார். அந்தக் கிழிந்த விரல்களால்தான் செத்தவர்கள் தலையில் சிக்கு எடுப்பார்கள். சிக்கு எடுக்கும்போது முடியின் அடிப்பக்கத்தை இன்னொரு கையால் பிடித்துக்கொள்வார்கள், இழுத்தால் வலிக்குமாம். நீயும் அப்படித்தான் பிடித்துக்கொண்டாயா?

இன்னொன்று. இது உனக்குத் தெரிந்திருக்காது. நீ ஏழெட்டு வயசுப் பிள்ளையாக இருக்கும்போது தெற்குத் தெருவில் ஒருவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் ரெண்டு நாள் கழித்துக் கரை ஒதுங்கியது. பெயர் எழுதவில்லை, அந்த அம்மா இன்னும் இருக்கிறார்கள். உடல் கிடைத்தால் அடக்கம் பண்ணலாம், அழுது தீர்க்கலாம். கிடைக்காவிட்டால் அந்தப் பெண் யார்? தாலியைக் கழற்றுவதா வேண்டாமா, பூசைக்குக் கொடுப்பதா வேண்டாமா, ஒன்றும் முடிவு செய்ய முடியாது. சட்டப்படி இறந்தவர் என்று எழுத ஏழு வருஷம் ஆக வேண்டும் என்றார்கள். ஊரில் இருந்தவர்கள் ஒரு மாதம் வந்தார்கள், அப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். நானும் அதில் ஒருத்திதான்.

அப்பத்தா தினமும் சாயந்தரம் போனார்கள். ஏழு வருஷம். விளக்கு வைத்ததும் போய், அந்த அம்மாவைத் தன் முன்னால் உட்கார வைத்துத் தலை வாரிப் பின்னிவிட்டு, அப்புறம் ஜெபமாலை சொல்வார்கள். ஜெபமாலை முடிவில் எல்லா வீட்டிலும் மரித்தவர்களுக்காகச் சொல்வோமே, அதை மட்டும் அந்த வீட்டில் சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாக அந்தோணியாருக்கு ஒரு ஜெபம், காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று. செவ்வாய்க்கிழமை என்றால் அதை மூன்றுதரம் சொல்வார்கள். எத்தனையோ பேர், எதற்கு அந்தப் பிள்ளைக்கு ஆசை காட்டுகிறாய் என்று கேட்டார்கள். அப்பத்தா எதுவும் பேசவில்லை.

ஏழாவது வருஷம் ஒரு சாயந்தரம் ஜெபமாலை முடிந்ததும் அந்த அம்மாவே, "அத்தே, இன்னைக்கு மரிச்சவங்களுக்குச் சொல்லுங்க" என்றார்களாம். அன்றைக்கு அப்பத்தா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. வாசலில் உட்கார்ந்து வடகடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நித்திய இளைப்பாற்றியைத் தந்தருளும் சுவாமின்னு அவதான் மொதல்ல தொடங்குனா" என்று மட்டும் சொன்னார்கள். எனக்கு அவர்கள்மேல் இருந்த பழைய கோபமெல்லாம் அன்றைக்குத்தான் போனது என்று நினைக்கிறேன்.

சண்டை முடிந்து கச்சத்தீவுத் திருவிழா மறுபடி 2010இல் தொடங்கியது அல்லவா? மறுவருஷம் அப்பத்தாவும் போனார்கள், அந்த அம்மாவையும் கூட்டிக்கொண்டு. சிலுவைப்பாதை முடிந்த ராத்திரி மணலில் படுத்திருக்கும்போது, அந்தக் கரையிலிருந்து வந்தவர்களிடமெல்லாம், 1990இல் பூப்போட்ட பிளானல் சட்டை போட்ட கைப்பிள்ளையோடு மண்டபம் முகாமுக்குப் போன பெண்ணைத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களாம். பெயர் கேட்டு வைக்கவில்லையே என்று வருத்தம். அந்தச் சட்டையை இருபது வருஷமாக அவர்களும் மறக்கவில்லை.

இனி அப்பத்தா போன நாளைப் பற்றி. நீ போனில் முகத்தை மட்டும்தான் பார்த்தாய். உன் தம்பி கை நடுங்கிக்கொண்டே பிடித்திருந்தான்.

மூன்று வாரம் படுக்கையில் இருந்தார்கள். பாலத்தில் ரயில் ஓடாத காலம் அது. ரயில் சத்தம் கேட்காமல் நேரம் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் போன பிறகு ஏப்ரலில் புதுப் பாலம் திறந்து முதல் ரயில் போனபோது அப்பா வாசலில் நின்று அழுதார். சாமியார் வந்து கடைசி நேரத்து எண்ணெய் பூசி அவஸ்தை கொடுத்த மறுநாள் விடியற்காலையில் அமைதியாகப் போய்விட்டார்கள். துக்கமணி அடித்தது. அரை மணி நேரத்தில் நான் கதவைத் திறந்து பார்க்கிறேன், தெருவே குடத்தோடு வந்துகொண்டிருக்கிறது. எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் ஆளுக்கு ரெண்டு குடம். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள், நடுவில் நாலைந்து எவர்சில்வர். திண்ணையில் வைக்க இடமில்லாமல் தெருவோரம் வரிசையாக வைத்தார்கள். தெற்குத் தெரு அம்மா மட்டும் குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்று, இருட்டோடு ஊற்றுக்குப் போய்க் கோரி எடுத்து வந்திருந்தார்கள். அந்த வயதில். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவால் குடம் தூக்க முடியாது, பேரன் தூக்கி வந்து வாசலில் வைத்தான். அவர்கள் முற்றத்தில் ஓரமாக உட்கார்ந்து தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஊற்றுத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினோம். குளிப்பாட்டி முடிந்ததும் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

பாப்பா, 36 வருஷத்தில் நான் ஒருநாள்கூட அப்பத்தாவோடு ஒரு துக்க வீட்டுக்குள் போனதில்லை. சமையல் இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வேன். பயம்தான். அப்பத்தாவும் வா என்று வற்புறுத்தியதில்லை. அன்றைக்கு அந்த மரச்சீப்பை எடுத்து என் கையில் தந்தது தெற்குத் தெரு அம்மா. என் கை அப்படி நடுங்கியது. முதல் வாரலிலேயே, அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. கொஞ்சம் முடிதான் இருந்தது. மெதுவாகச் சிக்கு எடுத்து, எண்ணெய் தொட்டு, சின்னதாகக் கொண்டை போட்டு, நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டேன். நீ போனில் பார்த்த தலை நான் வாரியதுதான்.

அடக்கத்துக்கு வரவில்லையே என்று இனிமேல் அழாதே. லீவு கிடைக்கவில்லை, டிக்கெட் கிடைக்கவில்லை, அதெல்லாம் எங்களுக்குத் தெரியும். அப்பத்தா பக்கத்திலேயே இருந்த நான் 36 வருஷம் கழித்து, இன்னொருத்தர் என் கையில் சீப்பைத் தந்த பிறகு செய்ததை, நீ அந்தக் குளிர் தேசத்தில் யாரும் சொல்லாமல் ஒரு சொந்தமில்லாத கிழவிக்குச் செய்திருக்கிறாய். அதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன்.

சீப்பை உனக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். இங்கே தேவைப்படுகிறது. போன மாதம் மேற்குத் தெருவில் மணி அடித்தது, நான் போனேன்.

ஆண்டுப் பூசை ஜனவரி 19ஆம் தேதி காலை ஆறு மணிக்கு. உனக்கு அப்போது ராத்திரியாக இருக்கும், தூங்கு. பூசைக் கருத்துக்குப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கிழவி பெயரையும் அப்பத்தா பெயரோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று அப்பாதான் சொன்னார். உங்கள் ஆஸ்பத்திரியில் முழுப் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்றால், கூப்பிடுகிற பெயர் மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது சொல்லு, தமிழில் எப்படி எழுதுவது என்றும் சேர்த்துச் சொல்லு.

உன் அம்மா